ஏழு

குன்வால்டிஸ் போகும்போது எடுத்துப்போனவை:
ரேடியோ, தோல் பூட்ஸ், சமையலறையின் ஒரே நல்ல கத்தி.
விட்டுப்போனது லுபிதெல் கேமரா.
"உள்ளே சுருள் இருக்கிறது, திறந்துவிடாதே"
என்றான் கதவருகில்.
பதினோரு வருடத்தின் கடைசிப் பேச்சு
ஒரு புகைப்படக் குறிப்பு.

பிப்ரவரி. லியெபாயாவில் காற்று
கொடியில் உறைந்த சட்டைகளை
ஒன்றோடொன்று பலகைபோல் மோதவிட்டது.
பெட்டியின் முதுகில் ஒரு சிவப்புச் சன்னல்,
மாத்திரை அளவு.
சுருளின் காகித முதுகில் அச்சிட்ட எண்
அதற்குள் மங்கலாகத் தெரியும்.
ஏழு என்றது.

ஏழு எடுத்தாகிவிட்டதா,
இல்லை இனிமேல்தான் எடுக்கவேண்டுமா?
இந்தப் பெட்டி சொல்லாது.
விலை கூடிய கேமராக்களில்
சுற்றாமல் விசை இறங்காது, ஒரு பல்சக்கரம் தடுக்கும்.
இது மலிவு. எத்தனை முறை அழுத்தினாலும்
அதே சதுரத்தில் மறுபடி மறுபடி வாங்கிக்கொள்ளும்.
வாயே திறக்காது.

அவனுக்கு எழுதிக் கேட்டிருக்கலாம்.
வென்ட்ஸ்பில்ஸ் மீன் ஆலை, முகவரி தெரியும்.
'அன்புள்ள' என்று தொடங்கவேண்டுமே என்று
விட்டுவிட்டேன்.
சுற்றித் தாண்டிவிடலாம், ஒரு சதுரம் போனால் போகட்டும்.
ஆனால் கடைக்கு ஸ்வேமா சுருள் வந்து ஒரு மாதமாகிறது,
லினோலியம் ஆலைச் சம்பளத்தில்
பன்னிரண்டில் ஒன்று சும்மா விடுவதற்கில்லை.

ஐந்து வாரம் அலமாரியில் ஏழாகவே கிடந்தது.

மார்ச்சில் ஒரு ஞாயிறு
பூனை சன்னல் விளிம்பில் வெயில் காய்ந்தது.
பெயர் பீராக்ஸ். இங்கே பன்றிக்கொழுப்பு வைத்த பன்னுக்கு அந்தப் பெயர்;
அதன் வயிற்றைப் பார்த்தால் புரியும்.
மூடியைத் தூக்கி, கேமராவை இடுப்போடு அணைத்துக்
குனிந்து பார்த்தேன்.
இதற்கு யாரும் தலைகுனிந்தே ஆகவேண்டும்.
கண்ணாடிக்குள் இடம் வலமாகிறது.
பூனை இடது ஓரத்தில் தெரிய, நானும் இடப்பக்கம் திரும்ப,
அது இன்னும் தள்ளிப் போனது.
பதினோரு வருடமாகியும் இது எனக்குப் பழகவில்லை.

எடுக்காததாகத்தான் இருக்கும் என்று
அழுத்தினேன்.
ஏழின்மேல்.

மீதி ஐந்தும் ஒரே மாலையில் தீர்ந்தன:
பக்கத்து வீட்டு ஸ்கைத்ரீடேயின் புதுப் பல்,
மாடிப்படியில் யாரோ மறந்த பனிச்சறுக்குக் கட்டை,
கடல், கடல்,
பன்னிரண்டில் என் கட்டைவிரல்.

குளியலறைக் கதவிடுக்கில் கோட்டைத் திணித்தேன்.
சிவப்பு விளக்கும் கூடாது.
இருட்டில் காகிதம் ஒருபக்கம் சுருண்டு விழ
படலம் மட்டும் மீன்தோல்போல் விரலில் வழுக்கியது.
பிறகு மருந்துகள், புளித்த வாடை, குழாய்த் தண்ணீர்.
துணிக்கவ்வியில் தொங்கவிட்டேன்.

ஒன்றிலிருந்து ஆறு வரை கடற்கரைப் பனிக்கட்டி.
ஆறிலும் கடல் ஒருபக்கமாய்ச் சாய்ந்து வழிகிறது.
அவன் கை அப்படி.

ஏழில் ட்ராம்.
அதன் கூரை முழுக்கப் பூனை,
மின்கம்பியோடு மீசை கலந்து,
ஓட்டுநர் விடுப்பில் போனதால் வந்த மாற்று ஆள்போல.
சொட்டும் சுருளைப் பிடித்தபடி சிரித்தேன்,
ஸ்கைத்ரீடே சுவரைத் தட்டும்வரை.

பூதக்கண்ணாடி வைத்தபோதுதான்
படியில் ஏறும் பெண்ணைப் பார்த்தேன்.
முதுகு மட்டும்.
கோட்டின் பின்தையல் பிரிந்து
வேறு நிற நூலில் கோணலாய்த் தைத்திருக்கிறது.
ஜனவரியில் தைத்தது நான்தான்.

தெருவின் எதிர்ப்பக்கம் நின்றிருக்கிறான்.
தலைகுனிந்து.
நான் திரும்புவேன் என்று காத்திருந்தானா,
திரும்பிவிடுவதற்குள் எடுத்துவிடலாம் என்றா?
என் தலை இருக்கவேண்டிய இடத்தில்
பூனையின் வயிறு. வெயில்.

ஒரு பிரதி போட்டு அனுப்பினேன்.
'அன்புள்ள' இல்லை.
பின்பக்கம் பென்சிலில்,
'ஏழு எடுத்தாகியிருந்தது' என்று மட்டும்.